கோட்டைக்குப்பத்தில் வாடை

பொன்னேரியில் பழவேற்காடு பேருந்தில் ஏறியபோது காலை ஏழு நாற்பது. மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கையில் ஒரு துணிப்பை, தோளில் ஐந்தடி மூங்கிலில் கட்டிய தேங்காய் நார்த் துடைப்பம். வந்தவாசியிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் மாறி வந்திருந்தேன். நடத்துநர் என்னையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா இது? பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் இல்ல. இதுக்கு ஒண்ணு போடட்டா?"

"அடுப்புக் குழாய் தொடைக்கிறதுங்க" என்றேன்.

"கொழாய்க்குப் பல்லு வெளக்கிவுடப் போறியா?"

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். எனக்குத் தொழில் அடுப்புக் கட்டுவது. மண்ணும் செங்கல்லும் வைத்து மூடிய அடுப்பு. புகை வீட்டுக்குள் சுற்றாமல் சுவர் வழியாக ஒரு சிமெண்ட் குழாயில் வெளியேறிவிடும். பதினாறு வருடமாக இதே வேலை. போன ஆனி மாதம் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் மூன்று வீடுகளுக்குக் கட்டிக் கொடுத்தேன். முந்தாநாள் அந்த மூன்றில் ஒரு வீட்டுக்காரி கஸ்தூரி போனில் கூப்பிட்டாள். "யக்கா, பொகையெல்லாம் திரும்பி வூட்டுக்குள்ளயே வருது. நாளன்னிக்கு சாயங்காலம் சம்பந்தியம்மா வர்றாங்க. நீ வந்தே ஆவணும்." குழாயில் கரி அடைத்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, துடைப்பத்தோடு கிளம்பிவிட்டேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் பதினெட்டு கிலோமீட்டர். நெல் வயல்கள் முடிந்து உவர் நிலம் தொடங்கும் இடத்தில் காற்றில் உப்பு ஏறும். எட்டு ஐம்பதுக்கு இறங்கினேன். மீன் வாங்க வந்தவர்களின் வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. ஏரியில் தண்ணீர் நிறைந்து, கரையோரம் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஆட்டோவின் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. குளிர்கிறதே என்று முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டேன்; அந்தக் காற்றைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

ஒன்பதேகாலுக்குக் கஸ்தூரியின் வீடு. வடக்குச் சுவரில் நான் வைத்த குழாயைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாயில் பழைய வலையைப் பந்தாகச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"யாரு இதை அடைச்சது?"

"நான்தான்" என்றாள் கஸ்தூரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருந்தது. "அடைக்கலன்னா இன்னும் மோசம்க்கா. நீயே பாரு."

வலையை உருவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு சவுக்குக் குச்சி பிடிப்பதற்குள் அடுப்பு வாயிலிருந்து புகை குபுகுபுவென்று என் முகத்துக்கே வந்தது. இருமிக்கொண்டு வெளியே ஓடினேன். என் கையால் கட்டிய அடுப்பு என்னையே விரட்டியதில் வெட்கமாகப் போயிற்று.

வாசலில் அவள் வீட்டுக்காரர் ஏழுமலை வலை பிரித்துக்கொண்டிருந்தார். கடல் சரியில்லாததால் அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. தலை நிமிராமலே சொன்னார்: "வாடையில அப்படித்தாம்மா. அப்பவே இவ உங்கையில சொன்னாளே."

"என்ன சொன்னா?"

"வாடை வந்தா இது வேலைக்காவாதுனு சொன்னேன்க்கா" என்றாள் கஸ்தூரி. "நீதான், வாடையெல்லாம் வரவே வராது, எல்லாம் வெளிய போயிடும்னு சொன்ன."

சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனி மாதம் சமையற்கட்டில் நின்று, அவள் மீன் அலசிக்கொண்டே சொன்னாள். மீன் வாடையைச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் அப்படிப் பெருமையாகப் பதில் சொன்னேன்.

"வாடைன்னா நாத்தம் இல்லம்மா, காத்து" என்றார் ஏழுமலை. "நீ வந்தப்போ கச்சான். தென்மேக்கால இருந்து அடிச்சுது. இப்ப வடக்க இருந்து வருது. தை முடியிற வரைக்கும் இதான்."

மணலும் சாரலும் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று, அன்றைய காற்றுக்கு முதுகு காட்டி, குழாயின் வாயைச் சரியாக வடக்கே திருப்பி வைத்தவள் நான். வாடைக்காற்று என்ற சொல் எனக்கும் தெரியும். ஆனால் சமையற்கட்டில், மீன்காரி வாயிலிருந்து வந்தால், காற்று என்று எனக்குத் தோன்றவில்லை. இவர்களும் வருடா வருடம் வருகிற காற்றை வராது என்கிறாளே, வந்தவாசிக்காரிக்கு ஏதோ வித்தை தெரியும்போல என்று விட்டுவிட்டார்கள். துடைப்பத்தை மூலையில் சாத்தினேன்.

கஸ்தூரிக்கு அன்று எல்லாமே அந்தக் குழாயில்தான் இருந்தது. மகள் கௌசல்யாவுக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவம் ஆகிப் பன்னிரண்டு நாள். குழந்தை மாதம் முந்திப் பிறந்தது, மூச்சு வாங்குகிறது. புகை இருக்கிற வீட்டில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் சம்பந்தியம்மா மீஞ்சூரிலிருந்து வந்து, அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார்.

"காஸ் இருக்குல்ல?" என்று கேட்டேன். அடுப்புக் கட்டுகிற நானே சொல்கிறேன், காஸுக்கு நிகர் கிடையாது.

"சோறு, கொழம்பு எல்லாம் அதுலயே ஆக்கிடுவேன்க்கா. புள்ள பெத்தவளுக்கு அண்டா அண்டாவா வெந்நி வேணுமே. தெனம் அதைக் காஸுல வெச்சா சிலிண்டரு எத்தினி நாளு தாங்கும்? அதுக்கு அழுவல, என் பொண்ணுக்கு நான் தண்ணி ஊத்தணும்க்கா."

"ஊத்துவே" என்றேன். "இன்னிக்குச் சரி பண்ணாம நான் இந்த ஊர விட்டுப் போகல."

மணி பத்து. குழாயை எந்தப் பக்கமும் திருப்பாமல் நேராக மேலே ஏற்றி, கூரை முகட்டைத் தாண்டி இரண்டடி நிறுத்தி, தலையில் நாலு பக்கமும் திறந்த ஒரு தொப்பி வைக்க வேண்டும். எந்தக் காற்று அடித்தாலும் புகை மறுபக்கம் போய்விடும். பழவேற்காடு கடைத்தெருவில் ஆறடிக் குழாய் கிடைத்தது. தொப்பி கிடைக்கவில்லை. பொன்னேரிக்குப் போய் வந்தால் மூன்று மணி நேரம் போய்விடும் என்று கையைப் பிசைந்துகொண்டு திரும்பினேன்.

கஸ்தூரி உள்ளே போய், தலையில் சுமந்து மீன் விற்கும் அலுமினியக் கூடையைக் கொண்டுவந்து, கவிழ்த்துக் காட்டினாள். "இது ஆவுமா?"

"வியாபாரத்துக்கு என்ன பண்ணுவே?"

"வேற பாத்துக்கலாம். ஓட்டை போடு."

ஓரத்தில் மூன்று துளை போட்டு, மூன்று கம்பிக் கால் வைத்துக் குழாயில் முறுக்கினேன். தூக்கி நிறுத்தியதும் வாடையில் குழாய் ஆடத் தொடங்கியது. வந்தவாசியில் இரண்டு கம்பி கட்டினால் போதும். ஏழுமலை என் கம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வலைக் கயிற்றை எடுத்துவந்து, நாலு பக்கமும் இழுத்து மணலில் அடித்த முளைகளில் கட்டினார். ஒவ்வொரு முடிச்சிலும் தானே தொங்கிப் பார்த்தார். "பாய்மரமே நிக்கும், இது நிக்காதா?" என்றார். குழாய் அசையவில்லை. அப்போது மணி மூன்று.

நாலு மணிக்குச் சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கட்டுமஸ்தான பெண்மணி. காப்பி வேண்டாம் என்றார். நேரே சமையற்கட்டுக்குப் போய், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். "பத்த வை" என்றார்.

கஸ்தூரி காய்ந்த குச்சியை எடுத்தாள். "ஈரமா இருக்கிறத வை. நாளைக்கு மழை பெஞ்சா இன்னா பண்ணுவ?" என்றார் அவர். பரீட்சை என்றால் அது பரீட்சை. ஈரச் சவுக்கு சீறியது. வெளியே வாடை கூரையை உலுக்கிக்கொண்டிருந்தது. கஸ்தூரி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. அடுப்பு வாயில் ஒரு சுருள் புகை எட்டிப் பார்த்து, தயங்கி, உள்ளே இழுபட்டுப் போயிற்று. அதன்பிறகு வரவில்லை. அண்டாத் தண்ணீர் கொதிக்கும்வரை அந்தம்மா எழுந்திருக்கவில்லை, கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டியாறேன்" என்றார். கஸ்தூரி அங்கேயே சுவரோடு சாய்ந்து அழுதாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "மீஞ்சூருக்கு எப்ப வருவ? எங்க வூட்லயும் வெந்நிக்கு வெறவுதான். இன்னா பொகைன்ற!"

நான் அன்று திரும்பவில்லை. மீதி இரண்டு வீட்டுக் குழாய்களிலும் வலைப்பந்து அடைத்துக் கிடக்கும்போது எப்படித் திரும்புவது? மறுநாள் காலை அவற்றையும் மேலே ஏற்றினோம். ஏழுமலையே கயிறு கட்டினார்.

பகல் பன்னிரண்டுக்குக் குழந்தைக்குக் குளியல். ஒரு கைப்பிடிதான் இருக்கும். வெந்நீர் பட்டதும் ஊரைக் கூட்டியது. துவட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி கமழக் கமழ வந்துவிட்டாள். வேண்டாம் என்ற சொல் எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் கஸ்தூரி நிலைப்படியில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"அப்பிடியே வெளிய வெய்யி."

"கொழந்தைக்குக் காட்ட வேணாமா? சளி புடிக்கும்டி!"

"இதுவும் பொகைதானே? இத்த உள்ள வுடறதுக்கா என் கூடைய ஓட்டை போட்டு மேல ஏத்தியிருக்கேன்?"

சாம்பிராணி முற்றத்து மணலில் தனியாகப் புகைந்தது. குழந்தை தாயின் மடியில் சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்கியது.

நாலரை மணிப் பேருந்தில், மீன் கூடைகளுக்கு நடுவே, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் காற்றுக்கு இத்தனை பேர் கிடையாது. வந்தால் காற்று, வராவிட்டால் புழுக்கம். இனி எந்த ஊரில் அடுப்புக் கட்டினாலும் மண்ணைக் குழைக்கும் முன் காற்றின் பேரைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கைப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"யம்மா, வாடை தாங்கல. அந்த ஜன்னல இறக்குங்க."

கை ஜன்னலுக்குப் போய் நின்றது. "மீன் வாடையா, வாடைக் காத்தா?" என்று கேட்டேன்.