ஹஸீனா மேனேஜ் பண்ணிக்கொள்கிறார்

‘கேன் மேனேஜ்?’ என்று ஒருவர் கேட்டபோது, ‘முடியாது’ என்று நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? உடன் வேலை பார்த்தவர் விலகிப் போய் அவருடைய வேலையும் உங்கள் தலையில் விழுந்த அன்று சொன்னீர்களா? காய்ச்சலோடு ரயிலில் நின்றுகொண்டு போன அன்று? சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. கேட்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் கேட்கிறார்.

குதிரையைக் கையால் அடக்கிப் பழக்குவதைக் குறிக்கப் பிறந்த வினைச்சொல் இந்த ‘மேனேஜ்’ என்கிறார்கள். இன்று நிறுவனத்தை நடத்துவதும் அதுதான், ஆட்களைக் கட்டி மேய்ப்பதும் அதுதான். பற்றாக்குறையில் ஒப்பேற்றுவதற்கும், வலியை வெளியே சொல்லாமல் தாங்குவதற்கும், விழப்போன இடத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதற்கும்கூட அதே சொல்தான். அகராதியில் இவை எல்லாம் அக்கம்பக்கத்தில் சமாதானமாக இருக்கின்றன. வெளியே அப்படி இல்லை. முதல் பொருளைச் செய்பவருக்கு அறையும் பதவியும் கிடைக்கின்றன. கடைசிப் பொருளைப் பொங்கோல் வட்டாரத்தில் ஓர் ஒன்பதாம் மாடி வீட்டில் ஹஸீனா தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

தோளில் என்பது அலங்காரமல்ல. அவருடைய கணவர் அஹமது கபீர் நல்ல உயரம். மசாலா அரைக்கும் ஆலை ஒன்றின் வேனைத் தீவு முழுக்க ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. ஃபேரர் பார்க்கில் ஒரு தையல் கடையில் ரவிக்கை பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த ஹஸீனா வேலையை விட்டார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவரைத் தன் வலது தோளில் சாய்த்துத் தூக்கினார். அந்தத் தோளின் தசை கிழிந்துவிட்டது. ‘பாரம் தூக்கக் கூடாது’ என்றார் மருத்துவர். அப்படியானால் யார் தூக்குவது என்று ஹஸீனா அவரைக் கேட்கவில்லை.

வழி தேடியவர் மகள் அஃப்ரீன். உட்லண்ட்ஸில் குடியிருப்பவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஒரு தொண்டு அமைப்பின் பகல் பராமரிப்பு நிலையத்தைக் கண்டுபிடித்தார். காலையில் வேன் வந்து வாப்பாவை ஏற்றிக்கொள்ளும். குளிப்பாட்டி, உடற்பயிற்சி கொடுத்து மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும். இடங்கள் குறைவு. யாருக்கு அவசரம் என்று வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். இது கிடைக்காவிட்டால், தோள் முழுதாகக் கைவிடும் நாளில் அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹஸீனா அஞ்சியதெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான்.

ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? நம் வீடுகளில் விருந்தாளிக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தார். திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டார். கணவருக்குச் சவரம் செய்து, குளிப்பாட்டி, பெருநாள் சட்டையும் தொப்பியும் அணிவித்து, அத்தர் தடவினார். சோபாவில் உட்காரவைத்து, அவர் வலப்புறம் சாயாமல் இருக்கச் சட்டைக்குப் பின்னால் ஒரு கைலியைச் சுருட்டிச் செருகினார். பிறகு சக்கர நாற்காலி, கழிப்பு நாற்காலி, டயாப்பர் பொட்டலங்கள், ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் ஷெல்டருக்குள் தள்ளினார். போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு புது வீட்டிலும் கட்டிக்கொடுத்திருக்கும் கனத்த சுவர் அறை அது. அதன் இரும்புக் கதவை இடது கையால் இழுத்துச் சாத்தினார். சமோசா பொரித்தார்.

வந்தவர் மோகனப்பிரியா, இளம் பெண். சமோசாத் தட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“ரூல்ஸ் ஆன்ட்டி, எதுவும் சாப்பிடக் கூடாது.”

“தண்ணி குடிக்கக் கூடாதுன்னுமா ரூல்ஸ்? வெயில்ல வந்திருக்கே புள்ள.”

தண்ணீர் குடித்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். “அங்கிள் தானா எந்திரிப்பாரா?”

“நான் கொஞ்சம் புடிச்சா போதும்.”

“டாய்லெட்டெல்லாம் எப்படி?”

ஹஸீனா கணவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதெல்லாம் நான் பாத்துக்குவேம்மா.”

“நைட்ல?”

“பாத்துக்குவேன்.”

“சோ, ஆன்ட்டி கேன் மேனேஜ் லா?”

“மேனேஜ் பண்றேம்மா. அல்ஹம்துலில்லாஹ்.”

அந்த நன்றியுணர்வோடு எனக்குச் சண்டையில்லை. அதைக் கேட்டதும் ‘சரி, இங்கே அவசரமில்லை’ என்று நகர்ந்துவிடும் ஏற்பாட்டோடுதான் சண்டை. ஒரு மனிதரின் மலமூத்திரத்தைப் பற்றி அவர் மனைவியிடம், அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வார்? அடுத்த அறைக்குப் போய்க் கேட்க யாருக்கும் ஏன் தோன்றவில்லை? மோகனப்பிரியாவைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு அன்று இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்று தீர்மானித்தவரின் பதவிப் பெயரிலேயே அந்த வினைச்சொல் இருக்கிறது.

கடைசியாக, “அங்கிள், கொஞ்சம் நின்னு காட்றீங்களா?” என்றார்.

அஹமது கபீர் நின்றார். மாதக்கணக்கில் நிற்காத மனிதர், வீட்டுக்கு வந்த ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாளே என்று சோபாவின் கைப்பிடியை இடது கையால் பற்றி, பல்லைக் கடித்து எழுந்து நின்றார். செருகியிருந்த கைலி கீழே விழுந்தது. ஹஸீனா அதைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

“பாத்தியாம்மா! நிக்கிறார் பாத்தியா!” ஹஸீனா அழுதேவிட்டார்.

அன்று மாலை கபீரால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

சில நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது. அங்கிள் நன்றாக இருக்கிறார், ஆன்ட்டி அருமையாக மேனேஜ் பண்ணுகிறார், இதைவிடக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு முதலிடம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

அஃப்ரீன் வந்து கத்தினார். “மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு ஒக்கார வெச்சீங்களாம்மா வாப்பாவை? அத்தர் வேற! அவங்க என்ன பொண்ணு குடுக்கவா வந்தாங்க?”

“வர்றவங்க முன்னாடி அவரை நாறப் போடச் சொல்றியாடி?”

கௌரவமாக வைத்திருந்தால் உதவி இல்லை; உதவி வேண்டுமென்றால் கௌரவத்தைக் கழற்றிக் காட்டவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் அதைத் தங்கள் தந்தைக்குப் போட்டுப் பார்த்திருப்பார்களா?

இரண்டாவது மாதமே அது நடந்தது. குளியலறையில் தூக்கும்போது தோள் விட்டுப்போனது. இருவரும் விழுந்தார்கள். அவர் மேலே, ஹஸீனா அடியில். போன் கூடத்தில் ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. எடுக்கவில்லையே என்று பதறி டாக்சி பிடித்து வந்த அஃப்ரீன், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். ஹஸீனாவின் தோள் எலும்பு முறிந்திருந்தது. எட்டிய கையால் ஒரு துண்டை இழுத்துக் கணவர்மேல் போர்த்தியிருந்தார்.

“ஏம்மா கத்தல? எதிர்வீட்டுல ஆள் இருக்கே!”

“அவர் துணியில்லாம இருந்தார்டி.”

அஃப்ரீன் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கிறார். விடுப்பு முடியப்போகிறது. முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எலும்பு முறிவைக் காட்டி மன்றாடியதில், வீட்டை மறுபடி பார்க்க அடுத்த வாரமே வருவதாக நிலையம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அஃப்ரீனோடு எனக்குப் பழக்கம் உண்டு; நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, ஹஸீனா இடது கையால் திரைச்சீலையின் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“விடுங்கம்மா!” என்றார் அஃப்ரீன்.

“அழுக்கா இருக்குடி. ஆள் வர்றாங்கல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சமோசா வேணாம், பிஸ்கட் போதும். அதை மேனேஜ் பண்ணிடுவேன்.”

நானும் இரண்டு கொக்கிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் மாடியிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். யார் வீடு என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அதிகாரி வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அன்று போய் உட்காருங்கள். அந்த அம்மா ‘மேனேஜ் பண்றேன்’ என்று வாயெடுக்கும் முன்னால் எழுந்து, ஷெல்டர் கதவைத் திறந்து, அந்தக் கழிப்பு நாற்காலியை இழுத்துவந்து கூடத்தின் நடுவே போடுங்கள்.