எண்ணத் தெரியாதவள்

லெமுவேல் டாலிவர் முப்பத்தோரு வருடம் டெட்ராய்ட் நகரப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்த்தவர். வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. வாயை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அறுபத்தோரு வயதாகியும் பிடிபடவில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதமே சமையலறை மேஜையில் ஒரு மைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஊரில் ஜாஸ் வாசிக்கிறவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிடுவார். மனைவி எர்னஸ்டின் பொரித்த கெளுத்தி மீன், கீரை, சோள ரொட்டி எல்லாம் தட்டில் விழுந்ததும் பேச்சுக் கொடுக்க ஆரம்பிப்பார். அது சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்ன வானொலி நிலையத்தில் ஒலிபரப்பாகும். வாய் நிறைய மீன் இருக்கும்போது எந்த மனிதனும் பொய் சொல்ல மாட்டான் என்பது அவர் கட்சி.

அம்மா எந்தச் சர்ச்சில் பாடினாள், முதல் வாத்தியம் யார் வாங்கித் தந்தது, எந்தப் பாட்டைக் கேட்டு அழுகை வந்தது என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்விக்கு வருவார். அதற்காகவே ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்காருவார்கள்.

"சரி, மேடையில உன் மானம் போன நாள் எது? அதைச் சொல்லு."

ஒரு டிரம்பட்காரர், சொந்தக் கல்யாணத்தில் வாசிக்கப் போய்ப் பாதிப் பாட்டை மறந்து மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். ஒரு பியானோக்காரி, மற்ற எல்லாரும் ஒரு சுருதியில் போக, தான் மட்டும் வேறு சுருதியில் பாட்டு முழுக்க வாசித்ததைச் சொன்னாள். இப்படி நூற்றெண்பது பேர் சொல்லியிருக்கிறார்கள். "உப்பு விழாத கீரையும் அவமானப்படாத வாத்தியக்காரனும் ஒண்ணு" என்று லெமுவேல் ஒவ்வொரு வாரமும் தத்துவம் பேசி முடிப்பார்.

"ஊர்ல உள்ளவங்க மானமெல்லாம் போனதைக் கேட்டுச் சேர்த்து வெச்சிருக்கியே, உன்னோடது என்னிக்குய்யா ஒலிபரப்பு?" என்று எர்னஸ்டின் கேட்பாள்.

"என் மானம் எங்கடி போச்சு? பத்திரமா இருக்கு."

"புழங்காத சாமான் பத்திரமாத்தான் இருக்கும்."

அவரும் ஒரு காலத்தில் வாசித்தவர்தான். நாற்பது வயதுவரை டிரம்ஸ். ஊரின் கிழக்குப் பக்கத்தில் 'ப்ளூ லான்டர்ன்' என்று ஒரு மதுக்கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கலாம். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பார் என்பதால் அங்கே அவருக்கு 'டீக்கன்' என்று பெயர். சர்ச்சில் உண்டியல் தட்டு நீட்டுகிற பெரிய மனுஷனுக்குள்ள பெயர் அது. அப்புறம் முழங்கால் போயிற்று, வாசிப்பு நின்றது, பெயரும் உதிர்ந்தது. இப்போது எல்லாருக்கும் அவர் மிஸ்டர் டாலிவர்.

அந்த நாட்களிலிருந்து அவரிடம் ஒரு கதை மிஞ்சியிருந்தது. தோட்டத்தில் கறி சுடும் விருந்துகளில் நாலு பேர் சேர்ந்தால் அதை எடுத்துவிடுவார். அந்த மேடைக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பாட்டு என்று சொல்கிறவர்தான் 'ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு' என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். அவர் எண்ணுகிற வேகம்தான் பாட்டின் வேகம், மற்றவர்கள் அதில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராம்போன் வாசிக்க ஒரு சின்னப் பெண் ஏறினாள். நிதானமாக எண்ணினாள். டீக்கன், பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்த பேஸ்காரனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அவள் கொடுத்ததை இரண்டு மடங்காக்கி அடித்தார். டிராம்போனுக்குப் பொத்தான் கிடையாது, நீட்டியும் இழுத்தும்தான் சுரம் பிடிக்க வேண்டும். அவள் ரம்பம் அறுப்பதுபோல் கையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதியில் இறங்கிப் போனாள். முன்வரிசையில் மஞ்சள் தொப்பி போட்ட அம்மா ஒருத்தி, கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றாள். இந்த இடத்தில் லெமுவேல் எழுந்து அந்த அம்மா மாதிரியே நின்று காட்டுவார். விருந்து குலுங்கும்.

ஜெனோபியா ப்ரூயிட் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். நாற்பத்துமூன்று வயது. நாலு ரெக்கார்டு போட்டவள், ஐந்தாவது வெளியாகப் போகிறது. டிராம்போன் என்றால் இன்று ஊர் சொல்லும் முதல் பெயர். அவள் வந்தது லெமுவேலுக்குத் தலைகால் புரியாத பெருமை. டிராம்போன் வாசிக்கிற பெண்கள் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். தன் முதுகு தனக்குத் தெரிந்தால்தானே.

மீனை ஒரு கை பார்த்தாள். எர்னஸ்டினிடம் கீரையில் என்ன போட்டீர்கள் என்று விசாரித்தாள். பாதிப் பேச்சில் லெமுவேல் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்.

"உன் நாலு ரெக்கார்டுலயும் நான் ஒண்ணு கவனிச்சேன் கண்ணு. பாட்டு ஆரம்பிக்கிறப்ப எண்ணுறது உன் பேஸ்காரன் கோர்ட்லண்ட் குரல். தலைவி நீ. நீயில்ல எண்ணணும்?"

ஜெனோபியா சிரித்தாள். "அது உங்க கடைசிக் கேள்விக்குப் பதில், மிஸ்டர் டாலிவர். இப்பவே சொல்லிடவா?"

"சொல்லு, சொல்லு."

"எனக்குப் பத்தொம்பது வயசு. ப்ளூ லான்டர்ன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏறினேன். சர்ச்சுல பாதிப் பேரு எனக்காக வந்திருந்தாங்க. எங்கம்மா இதுக்குன்னே புதுசா ஒரு மஞ்சத் தொப்பி வாங்கிப் போட்டுட்டு முன்னாடி உக்காந்திருந்தா."

லெமுவேலின் முள்கரண்டி தட்டிலேயே நின்றது. அடுப்புப் பக்கம் எர்னஸ்டின் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் எண்ணினேன். நிதானமா எண்ணுறதாத்தான் நெனச்சேன். ஆரம்பிச்சா, பாட்டு என்னமோ போலீஸ் துரத்துற மாதிரி ஓடுது. நான் கையை இழுக்குறதுக்குள்ள அது அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. பாதியில இறங்கிட்டேன்."

"டிரம்ஸ்காரன்..." லெமுவேல் தட்டைத் தள்ளி வைத்தார். "டிரம்ஸ்காரன் ஏதாவது..."

"டீக்கன்னு ஒருத்தர். பயத்துல நான் திரும்பி முகத்தைக்கூடப் பாக்கல. அவர் மேல தப்பே கிடையாது. எண்ணிக் குடுத்தவ நான், அதைத்தானே அவர் வாசிக்கணும்? பதட்டத்துல எனக்கே தெரியாம வேகமா எண்ணித் தொலைச்சிருக்கேன். அதுக்கப்புறம் ஆறு வருஷம் பெட்டியத் திறக்கல. ஆஸ்பத்திரில துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்ப எடுத்தப்பவும் எண்ணுறது மட்டும் வரவே இல்ல. சில பேருக்கு நீச்சல் வராதில்ல, அப்படி. எனக்கு எண்ணத் தெரியாது, அவ்வளவுதான்." தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "அந்த டீக்கனை எங்கயாச்சும் பாத்தா மன்னிப்புக் கேக்கணும். அவர் மத்தியானத்தையும் சேர்த்தில்ல கெடுத்தேன்."

லெமுவேலுக்குக் காது மடல் வரை சூடேறியது. 'நான்தான்' என்று ஒரு சொல். அது போதும். எதிரே உட்கார்ந்தவர்களையெல்லாம் உள்ளதைச் சொல் என்று பிடுங்கிய மனிதருக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா?

"காப்பி குடிக்கிறியா கண்ணு?" என்றார்.

எர்னஸ்டின் பீச் பழ இனிப்பைக் கிண்ணத்தில் எடுத்துவந்து ஜெனோபியா முன்னால் வைத்தாள். புருஷன் முன்னால் எதுவும் வைக்கவில்லை.

விருந்தாளி போன பிறகு எர்னஸ்டின் பாத்திரம் கழுவினாள். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மஞ்சத் தொப்பி" என்றாள். அப்புறம், "நீ எழுந்து நின்னு காட்டுறப்ப நானும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருக்கேனே. அந்தப் பொண்ணு என் கீரையைப் பாராட்டுது" என்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு சொல்லி என்ன ஆகப் போகுது எர்னஸ்டின்?"

"அதையும் அவகிட்டயே கேளு."

அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, அவள் அந்தக் கதையைச் சொன்ன ஆறு நிமிடத்தையும் பதிவிலிருந்து வெட்டி எடுத்தார். நாலு பேர் கேட்டால் அவளுக்குத்தானே கஷ்டம் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தார். அது யாருக்கான சமாதானம் என்று அவருக்கே தெரியும். ப்ளூ லான்டர்ன் பழைய ஆட்கள் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், எல்லாரும் சனிக்கிழமை ரேடியோ கேட்கிறவர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. வெட்டியதைத் தனியாகப் பத்திரப்படுத்தினார். அழித்துவிடவும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை ஒலிபரப்பு முடிந்து அரைமணி நேரத்தில் ஜெனோபியா போன் செய்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மிஸ்டர் டாலிவர். ஒண்ணே ஒண்ணு. அந்த ப்ளூ லான்டர்ன் கதைய எடுத்துட்டீங்களே, நான் சரியா சொல்லலையோ?"

"நேரம் பத்தல கண்ணு."

"ஐயோ, புரியுது. இழுத்துட்டேன். எனக்கு எப்பவுமே அளவு தெரியறதில்ல." சிரித்தாள். "நாளைக்கு மூணு மணிக்கு எங்க கச்சேரி, மறந்துடாதீங்க. எங்களை மேடையில அறிமுகப்படுத்தப் போறது நீங்கதான்."

போனை வைத்துவிட்டு லெமுவேல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே பெண்ணிடம் ஒரே அயோக்கியத்தனத்தை இரண்டாவது முறையும் செய்தாயிற்று. முதல் முறை டிரம்ஸ் குச்சியால், இந்த முறை கத்தரியால். இரண்டு தடவையும் பழியைத் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறாள். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால் கட்டிலில் பழைய கறுப்புக் கோட்டு கிடந்தது. எர்னஸ்டின் எடுத்து வைத்திருந்தாள். வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அரங்கத்தில் நாற்காலிகள் இன்னும் காலி. கோர்ட்லண்ட் ஒரு மூலையில் பேஸுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். ஜெனோபியா மேடை ஓரம் உட்கார்ந்து டிராம்போனின் இழுகுழாய்க்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடடே, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்க!"

"இந்தக் கோட்டைப் பாத்துத்தான்..." என்று ஆரம்பித்தார். கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுபடியும் ஆரம்பித்தார். "இந்தக் கோட்டைப் பாத்துத்தான் அப்ப என்னை டீக்கன்னு கூப்பிடுவாங்க."

அவள் கை நின்றது.

"நீ தப்பா எண்ணல. நிதானமா, அழகா எண்ணின. நான்தான் பேஸ்காரனைப் பாத்துக் கண்ணடிச்சிட்டு அதை ரெண்டு மடங்காக்கினேன்."

"ஏன்?"

இருபத்துநாலு வருடத்தில் ஒரு நல்ல காரணமாவது சேர்ந்திருக்காதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. "சிரிக்கத்தான்" என்றார். "அதைக் கதையாச் சொல்லி இத்தனை நாளும் சிரிச்சிருக்கேன். செவ்வாக்கிழமைதான் அது யாருன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் வெட்டி எடுத்தேன். நேரமெல்லாம் இருந்துச்சு."

ஜெனோபியா எண்ணெய்த் துணியை நாலாக மடித்தாள். அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எப்படி எண்ணினேன்?"

"என்னது?"

"அன்னிக்கு. எந்த வேகத்துல எண்ணினேன்? எனக்கு உன் வேகந்தான் ஞாபகம் இருக்கு, என்னோடது இல்ல. உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டிரம்ஸ்காரனுக்குப் பெயர் மறக்கும், முகம் மறக்கும், கொடுத்த வேகம் மறக்காது. லெமுவேல் விரலைச் சொடுக்கினார். நாலு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நாலாவதிலும் மட்டும் சொடுக்கு: ரெண்டு, நாலு, ரெண்டு, நாலு. காலி அரங்கத்தில் அந்தச் சொடுக்கு தெளிவாகக் கேட்டது. கோர்ட்லண்ட் சுருதி கூட்டுவதை நிறுத்திவிட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது நடக்குற வேகம்" என்றாள். "எங்கம்மா சர்ச்சுக்கு நடக்குற வேகம்."

"ஆமா."

"அவ போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சு. நான் தப்பா எண்ணினேன்னுதான் அவளும் நெனச்சுக்கிட்டுப் போனா."

லெமுவேலின் விரல் நின்றது. "மன்னிச்சிடு கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாத." குரல் உயரவில்லை. "வெட்டின துண்டு இருக்கா?"

"இருக்கு."

"அடுத்த சனிக்கிழமை அதைப் போடு. முழுசா. அப்புறம் உன் கடைசிக் கேள்விய உன்கிட்டயே கேட்டு, அதே மைக்குல பதில் சொல்லு. இப்பப் போய் உக்காரு, டீக்கன். அறிமுகத்தை நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெயர் இத்தனை வருடம் கழித்து ஓர் அடியைப் போல விழுந்தது. அவர் கடைசி வரிசைக்குப் போனார்.

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. எர்னஸ்டினும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடையில் ஜெனோபியா எல்லார் பெயரையும் சொல்லி முடித்தாள். கோர்ட்லண்ட் வழக்கம்போல் எண்ணுவதற்கு வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணு..." குரல் பிசிறியது. நிறுத்தினாள். கூட்டம் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்திருக்கும். மூச்சை இழுத்து, விரலைச் சொடுக்கிக்கொண்டு, மறுபடி தொடங்கினாள்.

"ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே வேகம். டிரம்ஸ்காரப் பையன் அதைக் கொடுத்தபடியே வாங்கிக்கொண்டான். முன்வரிசையில் தலைகள் அசைந்தன. லெமுவேலின் வலது குதிகால் அவரைக் கேட்காமலே எழுந்து தாளத்தில் விழுந்தது.

அவர் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்து அதை நிறுத்தினார்.