மடியில் டிஸ்க் பேக், காலடியில் ஸ்பீக்கர்

நம் கம்ப்யூட்டர் புல்லட்டின் போர்டுக்கு மோடம் லைன் கிடைத்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் மெஷின் படுத்துவிட்டது. கிள்ளான் கிளையின் மெஷினில் ஏற்ற, டிஸ்க் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு இன்று பஸ்ஸில் போனேன். பார்க்க கேக் டப்பா மாதிரி இருக்கும். அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போட்ட அத்தனை பேரின் விவரமும் அதற்குள்தான். வேறு நகல் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் ஏறிய ஒருவர், கோயில் திருவிழாவுக்கான பெரிய ஸ்பீக்கரை என் முழங்காலை ஒட்டி வைத்தார். பதறிவிட்டேன்.

“அண்ணே, அதுக்குள்ள காந்தம் இருக்கு. பக்கத்துல வச்சா இதுல உள்ளதெல்லாம் அழிஞ்சிடும். தள்ளி வைங்க.”

“சாமி காரியம்லா. நீ பின்னால போய் உக்காரு.”

கண்டக்டரும், “எந்திரிங்க அக்கா” என்றார்.

“முடியாது. முதல்ல உக்காந்தது நான். வேணும்னா போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க பஸ்ஸ!”

பஸ்ஸே என்னை முறைத்தது. நானும் முறைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர்காரர் குரலை இறக்கிக் கேட்டார். “பண்டமாரான்ல மலிவு வீட்டுக்கு மனுப் போட்டவங்க பேரும் இதுல இருக்கா?”

“இருக்கு.”

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைசி சீட்டுக்கு ஓடினார். அங்கிருந்தே கத்தினார்: “யாரும் அந்த அக்கா பக்கத்துல போவாதீங்கலா!”

கிள்ளான்வரை என் பக்கத்து சீட் காலி.

சாமி ஸ்பீக்கரைக் கடைசி சீட்டுக்கு விரட்டிய இந்தச் சாமி குத்தம் என் கணக்கிலா, அவர் கணக்கிலா? போர்டில் எழுதுங்கள்.