காகத்துக்கு வைச்ச சோறும் மான் சட்டமும்

வேட்டைக்காரனிட்டைச் சமையலுக்கு நிக்கிறவன் மானுக்குத் தெரியாத சட்டமெல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும். வீட்டு வேலை செய்து நொந்த ஆக்களே, உங்களுக்குச் சொல்லியோ தெரியவேணும்! தொண்ணூறுகளில இத்தாலியில, பலெர்மோவில, லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு பல் வைத்தியற்றை வீட்டில நிண்டனான். சினியோர் எண்டுதான் முதலாளியைக் கூப்பிடுறது; அவர் பல்லுப் பிடுங்கினதை விட மானுக்குப் பின்னாலை திரிஞ்சதுதான் கூட.

கொம்பு அளவு

மலையில அவற்றை சிநேகிதர் ஒருத்தர் காட்டுக்கு வேலி அடைச்சு மான் விட்டிருந்தவர். கொம்பு காதை விட உயரமில்லாத மானை அங்கை சுடக்கூடாது. அதைத் தூரத்தில நிண்டு கண்ணாலை அளக்கப் பழகவேணுமாம். ஆர் மான்? நான்தான்! தலையில ரெண்டு அகப்பையைப் பிடிச்சுக்கொண்டு விறாந்தையில நிண்டன். சினியோர் மற்றத் தொங்கலில ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிண்டார். குசினியாலை வந்த அவற்றை மனிசி சினியோரா என்னை மேலும் கீழும் பாத்தா. "இது இன்னும் குட்டி, விடுங்கோ. மத்தியானச் சமையல் ஆர் செய்யிறது?"

சோளப் பை

தீனி வைச்சு மானைக் கூப்பிடுறதும் குற்றம். தெரிஞ்சுகொண்டே மனுசன் மலைக்குப் போகேக்கை காரில என்னோடை ஒரு பை சோளமும் ஏத்திக்கொண்டு வந்தார். காட்டுப் படலையடியில காவலாளி பிடிச்சிட்டார். சினியோர் கூசாமல் என்னைக் காட்டி, "இது இவன்ரை சாப்பாடு" எண்டார். "அப்ப திண்டு காட்டட்டும்" எண்டார் காவலாளி.

அட கடவுளே! காய்ஞ்ச சோளம், ஒரு பிடி. சப்பச் சப்பக் கண்ணாலை தண்ணி ஓடிச்சு. காவலாளி பையைப் பறிச்சு வைச்சுக்கொண்டு, இனி உள்ளுக்கை தீனி கண்டால் துவக்கு லைசென்ஸ் பறி போகும் எண்டார். லைசென்ஸ் போனால் உனக்கும் வேலை இல்லை எண்டு சினியோர் என்ரை காதுக்குள்ளை சொன்னார். வேலை போனால் பெர்மெஸ்ஸோ, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கான விசா, புதுப்பிக்க ஏலாது. காவலாளி என்ரை முகத்தைப் பாத்து இரங்கினார். "பாவம், இதைத் தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனி?"

வராத காகம்

அடுத்த நாள் புரட்டாசிச் சனி. நான் விரதம். சமைச்சு முடிச்சு, சோத்தையும் பருப்பையும் குழைச்சு அத்தியிலையில வைச்சு, நாங்கள் காட்டுக்குள்ளை தங்கின குடிலுக்குப் பின்னாலை நிண்டு "கா, கா" எண்டு கூப்பிட்டன். வந்தது காகமில்லை. கொம்பு காதைத் தாண்டி எங்கையோ நிக்கிற கலைமான்! சினியோர் துவக்கோடை ஓடி வர, அவருக்குப் பின்னாலை காவலாளியும் வந்திட்டார். மான் ஆறுதலா இலையை நக்குது. "தீனி! தீனி!" எண்டு காவலாளி போட்ட சத்தத்தில அது ஒரே பாய்ச்சல்.

"ஐயோ, அது காகத்துக்கு வைச்சது. காகம் திண்டால் செத்துப்போன எங்கடை அப்பா சாப்பிட்ட மாதிரி" எண்டன். "அப்ப காகத்தைக் கூப்பிடு" எண்டார் காவலாளி. தொண்டை கிழியக் கத்தினன். சினியோரும் துவக்கை எறிஞ்சுபோட்டு என்னோடை சேந்து "கா, கா" எண்டார்! கடவுள் புண்ணியத்தில சாம்பல் சட்டைக் காகம் ஒண்டு வந்து மிச்சத்தைக் கொத்திச்சுது. காவலாளி தொப்பியைக் கழட்டினார். செத்தவைக்குச் சாப்பாடு வைக்கிற வழக்கம் அவற்றை வீட்டிலையும் இருக்காம். "அப்பாவின்ரை சோத்தை மான் களவெடுத்தால் நான் ஆரைப் பிடிக்கிறது?"

லைசென்ஸ், என்ரை வேலை, மானின்ரை உயிர் மூண்டும் தப்பின அந்தச் சனிக்கிழமையில அரை வயிறோடை திரும்பிப் போனது எங்கடை அப்பா ஒருத்தர்தான்.