நான் நீலமாக்கிய வானம்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் வானத்தைப் படிப்பதில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் என்னை மிஞ்ச ஓர் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது. கல்யாணப் படம் எடுத்துத்தான் வயிறு வளர்த்தேன், அம்பத்தூரில் ஸ்டுடியோ வைத்தேன், அதன் மேலே மாடி எழுப்பினேன். ஆனால் நாலு பேர் என்னைத் தேடி வந்தது ஏரிப் படத்துக்காகவும் மழைப் படத்துக்காகவும்தான். புதிதாகக் குடிவந்த ஃபிளாட்டுக்காரர்கள் ஹாலில் மாட்ட ஒரு பெரிய படம் கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை சோபாவுக்கு மேலே என் வானம் தொங்குகிறது என்று எனக்கே தெரியாது.

என் வானத்தில் வருகிற வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகையில், சாயந்திரம், மழை விட்டும் விடாமலும் இருக்கும்போது மேற்கே மேகம் அடியில் ஒரு சாண் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும். தலைக்கு மேல் வானம் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். கீழே புல், தேங்கிய தண்ணீர், எருமை முதுகு, மின்கம்பம் எல்லாம் உள்ளே விளக்குப் போட்ட மாதிரி எரியும். நாலு நிமிஷம், மிஞ்சினால் ஐந்து. அந்த நாலு நிமிஷத்துக்காக மூன்று நாள் நனைந்திருக்கிறேன். மற்றவர்கள் இருட்டைக் கண்டால் பயந்துபோய் எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். நான் எரிகிற இடத்துக்குக் கேமராவில் அளவு வைத்துவிட்டு, கருப்பைக் கருப்பாகவே விட்டுவிடுவேன். பயம் காட்டுகிற வானத்தில்தான் அந்த வெளிச்சத்துக்கு மரியாதை.

எடுப்பது பாதி வேலை. அச்சில் கொண்டுவருவது மீதி. அந்த மீதியை முப்பது வருஷம் எனக்குச் செய்து கொடுத்தவர், பூந்தமல்லியில் கலர் லேப் வைத்திருந்த பாய். என் வயசுதான் அவருக்கும். பெரிய படம் போடுவதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று போட்டுப் பார்ப்பார். அதைக் கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்கவே விட மாட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பஸ் புகையில் நின்று இரண்டு பேரும் சண்டை போடுவோம்.

"இன்னா நைனா, இன்னிக்கும் வானத்த தூக்கினு வந்துட்டியா?" என்பார்.

"தூக்கினுதான் வந்தேன் பாய். நீ கீழ போட்டுறாத."

"நான் புடிச்சுனு கீறதாலதான் உன் வானம் நிக்குது. நெனப்புல வெச்சுக்கோ."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், நெமிலிச்சேரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கிய வெளியில் ஒரு படம் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய படம். மேகம் யானைக் கூட்டம் மாதிரி இறங்கி நிற்கிறது. அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தண்ணீர் முழுக்க ஓடி, தூரத்தில் வளைந்து போகிற மின்சார ரயிலின் பக்கவாட்டில் மட்டும் ஏறியிருக்கிறது. எடுத்துவிட்டு, சேற்றில் நின்றபடி தனியாகச் சிரித்தேன்.

வானகரத்தில் புது ஃபிளாட் வாங்கிய ஒரு ஐடி கம்பெனிப் பையனும் அவன் பெண்டாட்டியும் அது வேண்டும் என்றார்கள். அச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்க அவர்களும் என்னோடு பாய் கடைக்கு வந்தார்கள். பாய் சின்னப் படத்தைப் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பார்த்ததும் எரிச்சல். படம் முழுக்க அழுக்குப் பிடித்த மாதிரி தெரிந்தது.

"இன்னா பாய் இது? காமாலை வந்தவன் மூஞ்சி மாதிரி கீது. நீலம் ஏத்து."

"கொஞ்சம் ஏத்திட்டேன் நைனா. இதுக்கு மேல ஏத்துனா அந்த சாயந்திர வெயிலு செத்துடும்."

"உன் மெசினு கெழடாயிடுச்சு. அதான்."

பாய் படத்தைத் தாழ்த்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குரலை இறக்கித்தான் சொன்னார்: "மெசினுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு வருசமா பாக்குறேன், வர்றப்பல்லாம் நீலம் நீலம்ன்ற. நல்லதுக்குத்தான் சொல்றேன், கண்ண ஒரு தபா காட்டிடு நைனா. புரை கிரை வந்துகீதோ இன்னாவோ."

அந்தப் பெண் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். அது போதும், எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"எங்கண்ணால சோறு துன்றவன் நீ. எங்கண்ணையே நொட்ட சொல்றியா?"

பாய் உள்ளே போய் அந்தச் சின்னப் படத்தை ஒரு கவரில் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "எடுத்துனு போ நைனா. உனக்குப் புடிச்ச எடத்துல போட்டுக்க."

அம்பத்தூரில் வேறொரு லேபுக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். நீலம் ஏற்று என்றால் ஏற்றினார்கள், இன்னும் என்றால் இன்னும். ஆளென்றால் இவர்கள்தான் ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வானகரத்துப் பையனுக்குப் போட்ட அந்த ரயில் படத்தில் ஒன்றை என் வீட்டு ஹாலிலும் நாலடிக்கு மாட்டினேன். நடுவில் பாயிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை. வேண்டுமென்றால் நேரில் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருஷம் போனது. படி தெரியாமல் இரண்டு தடவை விழுந்த பிறகு, மருமகள் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை. நன்றாக முற்றி, பழுப்பேறிப் போயிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹாலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன்.

எதிர்ச் சுவரில் என் படம் இல்லை. ஊதா மை கொட்டிய ஒரு துணி மாதிரி ஏதோ தொங்கியது.

"யாரு படத்த மாத்துனது?" என்று கத்தினேன்.

மருமகள் ஓடிவந்தாள். "யாரும் மாத்தல மாமா. அது மாட்டுன நாள்லருந்து அப்டித்தான் கீது."

"இப்டி நீலமாவா?"

"ஆமா."

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா உடுவீங்களா மாமா? உங்களுக்குப் படம் பத்தி சொல்ல எங்க யாருக்கு தைரியம் கீது?"

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மூடிய கண்ணைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தேன். அறுத்த கண்ணுக்கு என் வேட்டி வெள்ளையாக இருந்தது. அறுக்காத கண்ணுக்கு அதே வேட்டி டீயில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. மாற்றி மாற்றி எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அது ஒரே நாளில் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் பார்த்த எல்லாப் படமும் மஞ்சளாகத் தெரியத் தெரிய, மனசில் இருந்த பழைய நிறத்துக்காக நீலத்தைக் கொட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பீரோவைத் திறந்து பாய் கொடுத்த கவரைத் தேடினேன். கோபத்தில்கூட அதைத் தூக்கிப் போடவில்லை, அடியில் கிடந்தது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மேகம் கரியாக, கீற்று தேன் மாதிரி, ரயிலின் பக்கவாட்டில் அந்த வெளிச்சம். நெமிலிச்சேரிச் சேற்றில் நான் நின்றபோது பார்த்தது அப்படியே இருந்தது. ஒரு மயிரிழை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பெரிய விஷயமில்லை. ஆனால் நான் சொன்ன சொல்லை என்ன செய்வது? பாய் முன்னால் போய் நின்று, நீதான் சரி, நான்தான் குருடன் என்று சொல்ல வேண்டும். அவர் வாயால் நன்றாக நாலு வசவு வாங்க வேண்டும். அது கிடைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாட்களை எண்ணிக் கழித்துவிட்டு, பாய் போட்ட படத்தையும் நீலப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன்.

லேப் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. பின் தெருவில் வீடு. பாயின் வீட்டம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே" என்றார். ஒதுங்கி வழிவிட்டார்.

"பாய் எங்கம்மா?"

"உள்ளதான் கீறாரு. ஒண்ணர வருசமா மறதிண்ணே. சில நாளு எங்களையே தெரியறதில்ல." பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஆரம்பத்துல உங்களுக்கு ரெண்டு வாட்டி போன் போட்டாரு. 'நைனா பேரு மறந்துடறதுக்குள்ள பேசிடணும்'னு சொல்லினு இருந்தாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பாய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து, சட்டைப் பித்தான் எல்லாம் சரியாகப் போட்டு, பளிச்சென்று இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார். உக்காருங்க."

முப்பது வருஷத்தில் என்னை அவர் சார் என்று கூப்பிட்டதில்லை.

இரண்டு படத்தையும் அவர் கையில் கொடுத்தேன். "எது சரின்னு பாரு பாய்."

வாங்கியதும் அந்தக் கை தானாகவே படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தது. ஒரு கோணம், இன்னொரு கோணம். புருவம் சுருங்கியது. ஆள் உள்ளேதான் இருக்கிறார், இப்போது திட்டப் போகிறார் என்று கிட்டே நகர்ந்தேன்.

"இதாங்க நல்லா கீது," என்று நீலப் படத்தைத் தட்டினார். "குளிர்ச்சியா கீது."

"பாய், நல்லா பாரு. நீதான் அன்னிக்கு வேணாம்ன. நீ சொன்னதுதான் கரீட்டு. எங்கண்ணுதான் அவுட்டு. திட்டு பாய்."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. கோபக்கார கஸ்டமரைச் சமாளிக்கிற மாதிரி மெதுவாக, "நீங்க சொன்னா சரிங்க சார்," என்றார். வீட்டம்மா பக்கம் திரும்பி, "சாருக்கு டீ குடு," என்றார்.

டீ வந்தது, குடித்தேன். அவர் மறுபடியும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சார் எடுத்தது?"

இந்தக் கேள்விக்கு ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் என்று சொன்னவன் நான்.

"நாம ரெண்டு பேரும் பாய்," என்றேன்.

"அப்டிங்களா?" என்று மரியாதைக்குச் சிரித்தார். நீலப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.