போக்கிடம் இல்லாத ஊர்

என் அக்காவின் குரலைக் கேட்டால் யாருக்கும் கோபப்பட மனசு வராது. அதனால்தான் அந்த இன்டர்நெட் கம்பெனி அவளைப் புகார் கேட்கும் வேலைக்கு வைத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. பின்னறையில், துணி தேய்க்கிற மேசைமேல் கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன். அவள் புருஷன், எங்கள் மாமா, இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அந்தச் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடியது.

புகார் சொல்பவரின் ஊர் திரையில் வரும். வேறு கம்பெனிகளும் உள்ள ஊர் என்றால், "உடனே ஆள் அனுப்புறோம்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கைநழுவிப் போய்விடுவார். இவர்கள் லைன் மட்டுமே உள்ள ஊர் என்றால், "பதிவு பண்ணிருக்கோம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க", அவ்வளவுதான். ஆபீசில் அதற்குப் 'போக்கிடம் இல்லாத ஊர்' என்று பெயர். கொழுப்பைப் பாருங்கள்! எங்கள் ஊரும் அதில் ஒன்று.

போன மழையில் எங்கள் லைன் போய்விட்டது. செல்போன் சிக்னல் பேசுவதற்கே தட்டுத்தடுமாறும், கம்ப்யூட்டர் வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே இப்படி ஆகி அக்காவை எச்சரித்திருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை கிடையாது. பதறிப்போய்ப் புகார் எண்ணுக்கே போன் போட்டாள். எடுத்தவள் அவளோடு வேலை செய்கிற பெண்.

"பதிவு பண்ணிருக்கோங்க, கொஞ்சம் பொறுத்து..."

"அடியே, நான்தான்டி!"

"ஐயோ, அக்கா, நீங்களா? உங்க ஊருக்கு என்ன போட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியுமே. நான் என்னக்கா பண்ணட்டும்?"

"தெரியும்மா. நானே எத்தனை பேருக்குச் சொல்லிருக்கேன்," என்றாள் அக்கா. அவள் முகம் தொங்கிப்போனது.

ஆள் வரவில்லை. மறுநாள் மேனேஜர்தான் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீட்ல நல்ல லைன் இருக்கணும்னு சொல்லித்தானேம்மா வேலை கொடுத்தோம்?"

"இது நம்ம கம்பெனி லைன்தான் சார்."

"சரியில்லன்னா வேற கம்பெனி லைன் போட்டுக்க வேண்டியதுதானே?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"அப்படி ஒரு கம்பெனி இங்க வந்தா, லைன் அப்புறம் சார், முதல்ல அங்க வேலை கேப்பேன்."

மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

"அப்படிப் போடு!" என்று மாமா படுக்கையிலிருந்து கத்தினார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. அக்கா குனிந்து கம்ப்யூட்டர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது கம்பெனியுடையது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.