பொம்மைத் தட்டோடு பரளச்சிக்கு

காலை எட்டே காலுக்குப் பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதனால் ஏறும்போதே ஒரு மிதப்பு. கையில் ஒயர் கூடை, சுருக்குப் பையில் ஆயிரம் ரூபாய். அருப்புக்கோட்டையில் பொம்மை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து மத்தியான பஸ்ஸில் பரளச்சி போக வேண்டும். மறுநாள் காலை அங்கே என் பேத்தி யாழினிக்கு மொட்டை, காதுகுத்து. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போய் வந்ததை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் நான் எங்கள் கடைக் கதைக்குப் போய்விட்டால் இழுத்துக்கொண்டு வருகிறாள்.

யாழினிக்கு மூன்று வயது ஆக இன்னும் இரண்டு மாதம். என் மகள் செல்வியும் மருமகனும் புனே பக்கம் கடை வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தையாகத் தூக்கிப் போனது. அதற்குப் பிறகு போனில்தான் முகம். "அம்மாச்சி பாரு"ன்னு செல்வி காட்டுவாள். பிள்ளை ஒரு நிமிஷம் பார்க்கும், அப்புறம் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடும். இப்போது பரளச்சியில் அப்பத்தா வீட்டுக்கு வந்திருக்கிறது. நாலே நாள் லீவு. காதுகுத்து முடிந்த மறுநாள் ரயில் ஏறிவிடும். அதற்குள் ஒரு தடவையாவது என் மடிக்கு வருமா? இதுதான் எனக்கு ஒரு வாரமாக ரோசனை.

தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு என் மகன் முதல் நாளே போய்விட்டான். வளையல், பட்டுப்பாவாடை, பழம், மிட்டாய் எல்லாம் அவன் பொறுப்பு. பொம்மைத் தட்டை மட்டும் நான் விடவில்லை. "நீ வாங்குனா காரு வாங்குவ. நான் பாத்து வாங்கிட்டு வாரேன்"னு சொல்லிவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் பஜாரில் கடை திறந்தார்கள். கடைக்காரம்மா என் மகள் வயசு இருப்பார். சுவர் முழுக்க, கூரை வரைக்கும் பொம்மை. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலை லேசாகச் சுற்றியது. கண்ணாடிக் கண் அத்தனையும் என்னையே பார்க்கிற மாதிரி. எனக்கு அந்த வயதில் பொம்மை என்று ஒன்று கிடைத்ததில்லை. அதனால் ஒவ்வொன்றையும் இறக்கச் சொல்லித் தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"எம்மா, பிள்ளைக்கு வாங்க வந்தீகளா, நீங்க வெளாட வந்தீகளா?"

"வெளாடிப் பாக்காம எப்படித்தா வாங்குறது?"

முதலில் ஒரு முழ உயரப் பெட்டி. உள்ளே மஞ்சள் முடிப் பொம்மை. முதுகில் பேட்டரி. திருகினால் நடக்கிறது, பாடுகிறது, வயிற்றில் விளக்கு எரிகிறது. விலை ஐந்நூற்று ஐம்பது. நானே கை தட்டிவிட்டேன்.

"சரி, இதுல பிள்ளைக்கு என்ன வேல?"ன்னு கேட்டேன்.

"வேலையா? அது ஆடும். பிள்ள பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அந்த அம்மா நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை. அப்புறம் மரச் சொப்புச் சாமான் ஒரு பெட்டி எடுத்தார். அடுப்பு, சட்டி, கரண்டி, நாலு டம்ளர், நூற்று நாற்பது. கலர் கலராக மரக்கட்டை பன்னிரண்டு, நூற்று எண்பது. முந்தானையை எச்சில் தொட்டுக் கட்டையின் மேல் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. விளிம்பில் விரலை ஓட்டினேன், கீறவில்லை. பாசிமணி கோர்க்கிற டப்பா ஒன்றும் ஆசையாக இருந்தது. "அது வேணாம்மா, வாயில போட்டு முழுங்கிரும். ரெண்டு வருசம் கழிச்சு வாங்கிக்கோங்க"ன்னு அவரே திருப்பி வைத்துவிட்டார்.

அதோடு வந்திருக்கலாம். ஆனால் கூடையில் கொண்டுபோன தாம்பாளத்தில் சொப்புப் பெட்டியை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. சம்பந்தி வீட்டு ஆட்கள் நூறு பேர் பார்க்கிற தட்டு. மனசு கேட்கவில்லை, மஞ்சள் முடியையும் வாங்கிவிட்டேன். மூன்றையும் தட்டில் அடுக்கி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, நாலு பக்கமும் ரிப்பன் இறுக்கிக் கட்டித் தந்தார். அதற்கு நாற்பது ரூபாய்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பரளச்சி பஸ். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஜன்னல் சீட்டு கிடைத்தது. மடியில் தட்டு. ஊர் முடிந்ததும் கரிசல் திறந்துகொண்டது. மாசி வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அதன்மேல் பருத்தி வெள்ளை வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நின்றது. பஸ் ஆடுகிற ஆட்டத்துக்குக் கண் சொருகியது. பொம்மை பெட்டியை விட்டு இறங்கிப் பருத்திக்குள் நடந்து போகிற மாதிரி இருந்தது. பின்னாலேயே ஒரு சின்னப் பிள்ளை மடி கட்டிக்கொண்டு பஞ்சு எடுக்கிறது. அது யாழினியா, நானா என்று தெரியவில்லை. கூப்பிட வாய் திறந்தால் பேர் வரவில்லை.

"எந்த ஊரு ஆத்தா இது?"ன்னு திடுக்கிட்டுக் கேட்டேன்.

"எம்.ரெட்டியபட்டி. நீங்க எங்க போகணும்?" பக்கத்தில் தூக்குவாளியோடு ஒரு அம்மா ஏறி உட்கார்ந்திருந்தார். பருத்தி எடுத்துவிட்டு வருகிறாராம். தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்புட்டும் பேத்திக்கா? எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். ஒரு பருத்திமாரு குச்சிய வச்சுக்கிட்டு நாள் பூரா பஸ்ஸு ஓட்டுவான். எங்களுக்கெல்லாம் டிக்கெட்டு கிழிப்பான். சோத்துக்குக் கூப்பிட்டா, மருதயில நிக்கிறேன், வர முடியாதும்பான்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பரளச்சியில் இறங்கும்போது மணி ஒன்றே முக்கால். யாழினி தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்ததும் என்னைப் பார்த்தது, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை கூப்பிட்டுப் பார்த்தேன். "புது ஆளு மதினி, விடுங்க, பழகிரும்" என்றார் சம்பந்தியம்மா. நாளைக்குத் தட்டைப் பார்த்தால் வந்துவிடும் என்று படுத்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு ஊருக்கு வெளியே குலசாமி கோயில். வேப்பமரத்தடியில் சீர்த் தட்டுகள் வரிசையாக வைத்தோம். பொம்மைத் தட்டு முன்னால். யாழினி தானாகவே அம்மா கையை விட்டு வந்தது. கண்ணாடித்தாள் வழியாகச் சொப்பைப் பார்த்தது. சின்ன விரலால் ரிப்பனை இழுத்தது.

எங்கள் பக்கம் சீர்த் தட்டை எல்லாரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் பிரிக்கக் கூடாது. நாற்பது வருஷத்தில் எத்தனை விசேஷத்துக்குத் தட்டு தூக்கியிருப்பேன்! என்னை அறியாமல் கை போய்விட்டது. "இரு தங்கம், எல்லாரும் பாக்கட்டும்"னு பிள்ளை கையைப் பிடித்து விலக்கினேன்.

இத்தனை நாள் கழித்து என் பேத்தியை நான் முதல் தடவை தொட்டது அப்படித்தான். அது என்னை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை. போய் அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டது.

அப்புறம் மொட்டை. அப்புறம் மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி காது குத்தினார். ஒரே அலறல். அழுகையை நிறுத்துகிறேன் என்று மருமகன் ஓரமாகத் தாளைக் கிழித்து மஞ்சள் முடியை எடுத்துத் திருகிவிட்டார். அது விளக்கு எரிய, பாடிக்கொண்டே பிள்ளையைப் பார்த்து நடந்து வந்தது. யாழினி வீறிட்டுக் கத்தியதில் கோயில் புறா எல்லாம் பறந்துவிட்டது.

"யாரு வாங்குனது இத?" என்று ஒருவர் கேட்டார்.

"அம்மாச்சி"ன்னு நாலு பேர் கை காட்டினார்கள்.

மணி பத்து. எனக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மிச்சத் தாளையும் கிழித்தேன், ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

"என்ன மதினி, பிரிச்சுட்டீக! எங்க சித்தப்பா வீட்டு ஆளுக இன்னும் வரலயே. அவுக பாக்க வேணாமா?"

"பாக்கட்டும் மதினி. பிரிச்சதப் பாக்கட்டும்."

சம்பந்தியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "உங்க மகளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கருந்து வந்துச்சுன்னு நாலு வருசமா யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பொங்கலைக் கிண்டப் போனார்.

நான் பிள்ளையைக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. சொப்பு அடுப்பை வைத்தேன், சட்டியில் ரெண்டு விரல் மண் எடுத்துப் போட்டேன், கிண்டினேன். கிண்டக் கிண்ட எனக்கே நல்லா இருந்தது. வேப்பம்பூ ரெண்டு மேலே விழுந்தது, தாளிப்பு என்று விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் போச்சோ, வெயிலா நிழலா என்று தெரியாத மாதிரி ஒரு மயக்கம். பிறகு பார்த்தால் சட்டிக்கு எதிரே சின்னச் சின்ன கால்விரல் பத்து.

சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு குத்தவைத்து உட்கார்ந்தது. கரண்டியை என் கையிலிருந்து வாங்கியது. டம்ளரில் ஒன்றுமே ஊற்றாமல் ஊற்றி, என்னிடம் நீட்டியது.

"இது என்னத்தா?"

"சாய்." புனேயில் டீக்கு அப்படித்தான் சொல்வார்களாம். "சூடு."

ஊதி ஊதிக் குடித்தேன். "சீனி பத்தலயே" என்றேன்.

பிள்ளைக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது. டம்ளரைப் பிடுங்கி, இல்லாத சீனியை மூன்று தடவை போட்டுத் திருப்பித் தந்தது. அப்புறம் மரக்கட்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் அடுக்கியது. சோப்பு, பிஸ்கட், பருப்பு. அவள் அப்பா கடையாம். கட்டை சரிந்து விழ விழ, கடைக்குள் ஏறி உட்கார்ந்தால்தான் சரிவரும் என்று பட்டதோ என்னவோ, என் மடியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. மொட்டைத் தலை என் தாடையில் இடித்தது. நான் மூச்சு விடவில்லை. செல்வி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மஞ்சள் முடி பாவம், மரத்தில் சாய்ந்து கிடந்தது. பெரியவர்கள் எல்லாரும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்து ரசித்தார்கள். அதுவும் வீண் போகவில்லை.

மூன்றரை மணிக்கு அருப்புக்கோட்டை பஸ். எங்கள் வீட்டில் கடையும் வீடும் ஒன்று. யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கோயிலில் ஐந்து மணி நேரம் யாரும் என்னிடம் நிஜமான சாமான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கிளம்ப மனசே இல்லை.

யாழினி ஒரு சிவப்புக் கட்டையை, தட்டுக்கு விரித்த துண்டில் சுற்றி மரத்தடியில் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. குனிந்து, "ஆத்தா, அம்மாச்சி போயிட்டு வாரேன்" என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்தது.

"சத்தம் போடாத அம்மாச்சி. பாப்பா தூங்குது."

கோயில் எல்லை தாண்டியும் நான் செருப்பைப் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற ரோட்டில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மெள்ள மெள்ள நடந்தேன்.